பழைய லெகோ செட்டை மீட்டெடுப்பது எப்படி

புது லெகோ பெட்டியை வாங்கிக் கட்டுவதற்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. எண்ணிட்ட பைகளும் படம் போட்ட புத்தகமும் உள்ளேயே இருக்கின்றன. 2020இல் லெகோ நிறுவனம் பெரியவர்களுக்கென்றே 18+ என்று அச்சிட்ட கறுப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்தபின் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருவோர் பலரும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. ஆசைப்பட்ட செட் விற்பனையிலிருந்து போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். யாரோ ஒருவர் வீட்டில் டப்பாவில் கிடந்தது, பிரித்த நிலையில், வேறு நாலு செட்டுகளோடு கலந்து கைக்கு வரும். அதை முழுதாக்கி நிறுத்துவது பற்றியே இங்கே பேசப்போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் கட்டத் தெரியாமல் தோற்பதில்லை. எண்ணிப் பார்க்கும் முன்பே கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பாதி எழுந்த கட்டடத்தில் நடுத்தளத்துக்கான எட்டுத் துண்டுகள் இல்லை என்று தெரியவரும். அவை வெளிநாட்டிலிருந்து வந்து சேர ஒரு மாதம் ஆகும். அதற்குள் மேசையில் தூசி படியும், ஆர்வம் வடியும், மிச்சத் துண்டுகள் மறுபடி டப்பாவுக்குள் போகும். பிரிப்பது, கழுவுவது, தரம் பிரிப்பது, எண்ணுவது, குறையை வாங்குவது, பிறகு கட்டுவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உதாரணத்துக்கு ஒரு செட்டை வைத்துக்கொள்வோம்: 10189 என்ற எண் கொண்ட தாஜ்மகால். 2008இல் வந்தது, 5,922 துண்டுகள். நீளமும் அகலமும் அரை மீட்டருக்குச் சற்று மேல், உயரம் 43 செ.மீ. பெரும்பகுதி வெள்ளை. பழைய லெகோவில் வரக்கூடிய தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செட்டில் உண்டு என்பதால்தான் இதை எடுத்துக்கொள்கிறோம். 2017இல் இதே மாதிரி 10256 என்ற எண்ணில் மறுபடி வெளிவந்தது. அதுவரை மிக அதிக விலைக்குக் கைமாறிக்கொண்டிருந்த பழைய செட்டின் விலை உடனே சரிந்தது. லெகோவை முதலீடாக நினைத்து வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போது

விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள். எல்லாத் துண்டுகளும் பரப்பிய நிலையில் ஒன்று. வெள்ளைத் துண்டுகள் சிலவற்றை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில், விளக்கு இல்லாமல் எடுத்தது ஒன்று. அச்சிட்ட துண்டுகளும் மினிஃபிகர்கள் எனப்படும் குட்டி மனித உருவங்களும் தனியாக ஒன்று. இரண்டாவது படம்தான் முக்கியம். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த படத்தில் பழுப்பேறிய பிரிக்கும் புது பிரிக்கும் ஒன்றுபோலவே தெரியும்.

விலையை மதிப்பிட, லெகோ செட்டுகளும் உதிரித் துண்டுகளும் கைமாறும் பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தையில் அந்தச் செட் கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள். விற்பவர்கள் கேட்கும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு. 2000இல் தொடங்கிய இந்தச் சந்தையை 2019இல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. மினிஃபிகர் உள்ள செட் என்றால் அவை இருக்கின்றனவா என்பதே விலையில் பாதியைத் தீர்மானிக்கும். சில செட்டுகளில் ஒரே ஒரு மினிஃபிகரின் விலை மற்ற எல்லாத் துண்டுகளின் விலைக்கும் ஈடாக இருக்கும்.

கிலோ கணக்கில் வாங்கும் கலப்புக் குவியல் என்றால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 600 முதல் 800 துண்டுகள் வரை இருக்கும். அதில் போலி எவ்வளவு என்பதுதான் கேள்வி. அசல் லெகோவில் ஸ்டட் (துண்டின் மேல் நிற்கும் வட்டக் குமிழ்) ஒவ்வொன்றின் தலையிலும் பெயர் பொறித்திருக்கும். வேறு நிறுவனங்களின் பிரிக்குகளில் சில நன்றாகவே பொருந்தும், அவற்றை வைத்துக் கட்டுவதிலும் தவறில்லை. ஆனால் ஒரு செட்டை மீட்டெடுக்கும் வேலையில் அவற்றைக் கலந்தால் வெள்ளையின் சாயல் மாறுபட்டுச் சுவரில் திட்டுத்திட்டாகத் தெரியும். சிகரெட் புகை வாடை ஏறிய குவியலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். பல் பதிந்த துண்டுகளுக்கும் மருந்து கிடையாது.

பிரிப்பது

ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளைக் கழுவும் முன்பே பிரித்துவிட வேண்டும். இரண்டு பிளேட்டுகளுக்கு (பிரிக்கைவிட மெல்லிய தட்டைத் துண்டுகள்) இடையே புகுந்த தண்ணீர் நாட்கணக்கில் அங்கேயே நிற்கும். அழுக்கும் போகாது.

பல்லால் கடித்தோ கத்தி நுனியைச் செருகியோ பிரிக்காதீர்கள். பிரிக்குகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. கையால் நெரித்தால் வளையாத அளவுக்குக் கெட்டி, ஆனால் உலோக நுனி பட்டால் உடனே தழும்பு விழும் அளவுக்கு மென்மை. இதற்கென்றே ஆரஞ்சு நிறப் பிரிப்பான் ஒன்று பல செட்டுகளோடு வருகிறது, எண் 96874. இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று இறுகியிருந்தால் மேலே ஒரு பிரிப்பான், கீழே ஒரு பிரிப்பான் மாட்டி இரண்டு கைப்பிடிகளையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்தினால் கழன்றுவிடும். டைல்களை (மேலே ஸ்டட் இல்லாத வழவழப்பான துண்டுகள்) கிளப்ப அதன் மெல்லிய விளிம்பு, துளையில் மாட்டிய அச்சுக் கம்பியைத் தள்ள அதன் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் முளை.

ஒளி ஊடுருவும் துண்டுகளில் மட்டும் பொறுமை வேண்டும். அவை நீண்ட காலம் பாலிகார்பனேட்டில் வார்க்கப்பட்டவை. இரண்டு பாலிகார்பனேட் துண்டுகள் ஒன்றோடொன்று மாட்டினால் ஏபிஎஸ் போல நெகிழ்ந்து விடாமல் பிடித்துக்கொள்ளும். பலவந்தம் செய்தால் விளிம்பு விரியும்.

கழுவுவது

லெகோ நிறுவனம் சொல்லும் வரம்பு 40 டிகிரி செல்சியஸ். கை வைத்தால் இதமான சூடு, அவ்வளவுதான். துணி துவைக்கும் எந்திரம், பாத்திரம் கழுவும் எந்திரம், முடி உலர்த்தி எதுவும் கூடாது. சூட்டில் பிரிக் உருகிவிடாது. ஆனால் மில்லிமீட்டரில் சிறு பங்கு கோணினாலும் பிடிப்புப் போய்விடும்.

கழுவக் கூடாதவற்றை முதலில் எடுத்து வையுங்கள்: மோட்டார், பேட்டரிப் பெட்டி, விளக்கு, உலோகம் உள்ள எதுவும், ஸ்டிக்கர் ஒட்டிய துண்டுகள், துணிப் போர்வைகள், பாய்மரங்கள், நூல். அச்சிட்ட துண்டுகளை ஊற வைக்காமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

பத்து லிட்டர் பக்கெட்டில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் போடாதீர்கள், அடியில் இருப்பவை அழுக்காகவே வரும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறட்டும், நடுநடுவே கையால் அளையுங்கள். பிரிக்குகளின் அடிப்பகுதிக் குழல்களுக்குள் சிக்கிய முடியையும் தூசியையும் மெல்லிய பல் துலக்கியால் எடுக்க வேண்டும். பிறகு வலைப்பையிலோ அரிசி வடிகட்டும் கூடையிலோ கொட்டி இரண்டு முறை அலசுங்கள்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் ஒரு தொல்லை உண்டு. காய்ந்தபின் கறுப்பு, அடர்நீலத் துண்டுகளில் வெள்ளை உப்புப் புள்ளிகள் தெரியும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர் பயன்படுத்துங்கள். அதில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்தால் புள்ளி நிற்காது.

உலர்த்துவது நிழலில். பருத்தித் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி மின்விசிறியின் கீழ் விடுங்கள். சில மணி நேரம் கழித்துத் துணியின் நான்கு முனைகளையும் பிடித்துக் குலுக்கி மறுபடி பரப்ப வேண்டும், ஏனென்றால் குழல்களுக்குள் நிற்கும் நீர்த்துளி தானாக இறங்காது. ஒரு நாள் போதும் என்று தோன்றினாலும் இரண்டு நாள் விடுங்கள். மழைக்காலத்தில் மூன்று.

தரம் பிரிப்பது

இங்கேதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். நிறம் வாரியாகப் பிரிக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மூவாயிரம் வெள்ளைத் துண்டுகள் குவிந்த டப்பாவில் ஒரே ஒரு ஸ்டட் உள்ள 1×1 வெள்ளை பிளேட்டைத் தேடிப் பாருங்கள். எல்லாம் ஒரே வெள்ளையில் கலந்து தெரியும், கண் எதையும் பிரித்துக் காட்டாது. அதுவே, எல்லா நிறத்திலும் 1×1 பிளேட் மட்டும் உள்ள டப்பாவில் வெள்ளையைத் தேடினால் பார்த்த கணத்தில் கிடைக்கும். நிறத்தைக் கண் நொடியில் பிடிக்கும், வடிவத்தைத் தேடித்தான் பிடிக்கும். ஆகவே முதலில் வடிவம், கடைசியில் நிறம்.

பெரிய தாம்பாளமோ முறமோ எடுத்து அதில் வெளிர்நிறத் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஒரு கை அள்ளிப் போட்டுப் பிரிக்கத் தொடங்குங்கள். முதல் சுற்றில் எட்டுப் பத்து வகை போதும்: பிரிக், பிளேட், டைல், சரிவு, வளைவும் வட்டமும், பக்கவாட்டில் ஸ்டட் உள்ளவை, டெக்னிக் (அசையும் பொறியமைப்புகளுக்கான லெகோ வகை) ஊசிகளும் அச்சுகளும், கதவும் சன்னலும், மினிஃபிகர், எதிலும் சேராதவை. முதல் சுற்றிலேயே நாற்பது வகையாகப் பிரிக்கப் பார்த்தால் ஒவ்வொரு துண்டுக்கும் யோசிக்க வேண்டிவரும், கை நின்றுவிடும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு வகையையும் அளவு வாரியாகப் பிரியுங்கள்.

துண்டின் அடியிலோ உள்ளேயோ மிகச் சிறிய எண் ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். அதுதான் வடிவ எண். 2×4 பிரிக் (அகலத்தில் 2 ஸ்டட், நீளத்தில் 4) 3001, 2×2 பிரிக் 3003, 1×2 பிரிக் 3004, 1×1 பிரிக் 3005, 1×2 பிளேட் 3023, 1×1 பிளேட் 3024. இந்த ஆறையும் தெரிந்துகொண்டால் மீதி தானாகப் பழகும். வடிவமும் நிறமும் சேர்ந்த எண் வேறு. அது புத்தகத்தின் கடைசிப் பக்கப் பட்டியலில் இருக்கும். பழைய எண்களில் இரண்டையும் சேர்த்தே படிக்கலாம்: 300121 என்றால் 3001 வடிவம், 21 சிவப்பு. பிந்தைய ஏழு இலக்க எண்களில் இந்த ஒழுங்கு இல்லை.

குழப்பும் இரட்டையர்கள் சிலர் உண்டு. ஒரு பக்கம் ஸ்டட் உள்ள 1×1 பிரிக் 87087. அதில் ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 4070இலும் பக்க ஸ்டட் உண்டு, ஆனால் அது சற்று உள்வாங்கியிருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்தால் அதன்மேல் ஒட்டும் டைல் சுவரோடு சமமாக நிற்காது. டெக்னிக்கில் கறுப்பு ஊசி 2780 உராய்வு உள்ளது, உடலில் வரிகள் தெரியும். சாம்பல் ஊசி 3673 வழவழப்பானது, தாராளமாகச் சுழலும். சுழல வேண்டிய இடத்தில் கறுப்பைப் போட்டுவிட்டுப் பல்சக்கரம் ஏன் இறுகுகிறது என்று செட்டையே பிரித்துப் பார்ப்பவர்கள் ஏராளம்.

சாம்பலிலும் எச்சரிக்கை தேவை. 2003-2004 வாக்கில் லெகோ தன் வெளிர்சாம்பல், அடர்சாம்பல், பழுப்பு மூன்றையும் மாற்றியது. புதிய சாம்பல்களில் நீலச்சாயல் உண்டு. பழையதும் புதியதும் பல்பு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து, கட்டி முடித்துப் பகலில் பார்க்கும்போது தனித்தனியாக முகம் காட்டும். இந்த ஒரு வேலையைப் பகலிலேயே செய்யுங்கள்.

எண்ணுவதும் குறையை வாங்குவதும்

ரீபிரிக்கபிள், பிரிக்லிங்க் ஆகிய இரண்டு இணையதளங்களிலும் ஒவ்வொரு செட்டின் முழுத் துண்டுப் பட்டியலும் இருக்கிறது. காகிதத்தில் அச்செடுத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வாருங்கள். 1996க்குப் பிந்தைய செட்டுகள் என்றால் வழிகாட்டிப் புத்தகத்தை லெகோவின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கிழிந்த புத்தகத்துக்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஒரே துண்டு நூற்றுக்கணக்கில் இருந்தால் தராசு உதவும். 0.1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் இருபது துண்டுகளை எடை போட்டு ஒன்றின் எடையைக் கணக்கிடுங்கள். பிறகு மொத்தக் குவியலையும் வையுங்கள். 2×4 பிரிக் ஒன்று சுமார் 2.3 கிராம், கணக்கு நன்றாக வரும். 1×1 துண்டுகளுக்கு இந்த வழி சரிப்படாது. தொழிற்சாலையிலும் இதே சங்கடம் இருப்பதால்தான் புது செட்டுகளில் மிகச் சிறிய துண்டுகள் ஒன்றிரண்டு கூடுதலாகவே வருகின்றன. கட்டி முடித்தபின் 1×1 டைல் ஒன்று மிஞ்சினால் கவலை வேண்டாம். 2×4 மிஞ்சினால் எங்கோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

எண்ணும்போதே பிடிப்பையும் சோதித்துவிடுங்கள். நல்ல பிரிக் ஒன்றின்மேல் சந்தேகமான துண்டை மாட்டித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். விழுந்தால் அது உள்சுவருக்கு. 1×1 துண்டுகளின் பக்கச் சுவரில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். செம்பழுப்பு, அடர்சிவப்பு நிறங்களில் பல வருடங்களாக வார்த்த துண்டுகள் எளிதில் நொறுங்குவதற்குப் பெயர்பெற்றவை, முக்கியமாகக் கவ்விகள். மற்ற நிறக் கவ்வி தாங்கும் அழுத்தத்தில் இவை முறிந்துவிடும். அந்த நிறங்களில் கவ்வி வாங்கினால் தேவைக்கு மேல் நாலு சேர்த்தே வாங்குங்கள்.

குறைகளின் பட்டியல் முடிந்தபின் பிரிக்லிங்க்கில் தேவைப் பட்டியலாக ஏற்றினால் எந்தக் கடையில் எத்தனை வகை கிடைக்கும் என்று அதுவே சேர்த்துக் காட்டும். விலை குறைந்த பத்துக் கடைகளைவிடச் சற்று விலை கூடிய இரண்டு கடைகள் லாபம். தபால் செலவு துண்டுகளின் விலையைத் தாண்டிவிடும். இந்தியாவில் இருப்பவர்கள் சுங்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் உயர்ந்தது. வெள்ளைத் துண்டுகளை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், புதியது என்று குறிப்பிட்டதையே கேளுங்கள்.

மஞ்சளேறிய வெள்ளை

ஏபிஎஸ் என்பது அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்தது. அடிபட்டாலும் உடையாத தன்மையைத் தருவது நடுவில் உள்ள பியூட்டடையீன். புற ஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் முதலில் தாக்குவதும் அதைத்தான். அந்தச் சிதைவே மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளையிலும் வெளிர்சாம்பலிலும் கண்ணுக்குப் படும், அடர்நிறங்களில் மறைந்திருக்கும்.

மருந்தைத் தேடும் முன் துண்டைத் திருப்பிப் பாருங்கள். வருடக்கணக்கில் சன்னலோரம் நின்ற சுவரில் வெயில் பட்ட முகம் மட்டுமே மஞ்சளேறியிருக்கும். 1×2, 1×4 பிரிக்குகளுக்கு முன்பின் கிடையாது. மஞ்சள் முகத்தை உள்ளே திருப்பி வைத்தால் வெளியே புது வெள்ளை. தாஜ்மகால் போன்ற செட்டில் இந்த ஒரு வழியிலேயே கணிசமான துண்டுகள் தப்பிவிடும். மிக மோசமானவற்றை வெளியே தெரியாத அடித்தளத்துக்குள் போடுங்கள். அதற்கும் மேல் முப்பது நாற்பது சாதாரணத் துண்டுகள்தான் மஞ்சள் என்றால் புதிதாக வாங்கிவிடுவது மேல்.

நூற்றுக்கணக்கில் இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீதக் கரைசல், புட்டியில் 20 வால்யூம் என்று எழுதியிருக்கும். அதற்குச் சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகும். கையுறையும் கண் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் எட்டாத இடமாக இருக்கட்டும். அகலமான கண்ணாடித் தட்டில் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, அவற்றுக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி ஊற்றி வெயிலில் வையுங்கள். வேலையைச் செய்வது கரைசலும் ஒளியும் சேர்ந்து. நிழலில் வைத்தால் நாட்கணக்கில் இழுக்கும். மூடி இறுகப் போடக் கூடாது, ஆக்சிஜன் வாயு வெளியேற வழி வேண்டும்.

துண்டுகள் மேலே மிதந்து வருவதுதான் இதில் கெடுக்கும் விஷயம். குழல்களுக்குள் குமிழி சேர்ந்து தூக்கும். தண்ணீருக்கு வெளியே தெரியும் பகுதி ஒரு விதமாகவும் மூழ்கிய பகுதி வேறு விதமாகவும் வெளுத்துக் கோடு விழும். மேலே கண்ணாடிக் கிண்ணம் வைத்து அழுத்துங்கள், அரை மணிக்கு ஒரு தடவை திருப்பி விடுங்கள். கோடை வெயிலில் கரைசலின் சூடு 40 டிகிரியைத் தாண்டும். தட்டைப் பெரிய தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்தால் கட்டுப்படும். நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் மாற்றம் தெரியும். கிட்டத்தட்ட வெள்ளை என்ற நிலையிலேயே எடுத்துவிடுங்கள். இன்னும் வெளுக்கட்டும் என்று விட்டால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கி, துண்டும் நொறுங்கத் தொடங்கும். அச்சிட்டவை, முலாம் பூசியவை, கவ்விகள், உலோகம் சேர்ந்தவை இதற்குள் போகவே கூடாது.

சிதைந்த பிளாஸ்டிக் இதனால் பழைய வலிமைக்குத் திரும்புவதில்லை, நிறம் மட்டுமே திரும்புகிறது. மறுபடி வெளிச்சத்தில் வைத்தால் மறுபடி மஞ்சளாகும். அதனால்தான் முழு மூலத்தன்மையை விரும்பும் சேகரிப்பாளர்கள் இதைத் தொடுவதில்லை. விற்கும்போது இதைச் செய்ததைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

கட்டுவது

1958 ஜனவரி 28இல் டென்மார்க்கில் காப்புரிமை கேட்ட பிரிக்கின் அளவு இன்றும் மாறவில்லை. ஸ்டட்டின் நடுவிலிருந்து அடுத்த ஸ்டட்டின் நடு வரை 8 மிமீ, பிரிக்கின் உயரம் 9.6 மிமீ, பிளேட்டின் உயரம் 3.2 மிமீ. மூன்று பிளேட் ஒரு பிரிக். ஐந்து பிளேட்டின் உயரம் 16 மிமீ, அதாவது சரியாக இரண்டு ஸ்டட் அகலம். பக்கவாட்டில் கட்டும் எல்லா நுட்பங்களும் இந்தக் கடைசிக் கணக்கில்தான் நிற்கின்றன. புத்தகத்தில் ஏன் ஒரு பிரிக்கும் இரண்டு பிளேட்டும் மாறிமாறி வருகின்றன என்று புரியாமல் கட்டுபவர்களுக்கு இது தெரிந்தால் படத்தைப் பார்க்கும் முன்பே அடுத்த துண்டு தெரிந்துவிடும்.

உங்கள் சொந்த மாற்றங்களைச் செய்ய ஆசைப்பட்டால் துண்டுக்கு நெருக்கடி தராத வழியைத் தேடுங்கள். இரண்டு ஸ்டட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி 3.2 மிமீ, பிளேட்டின் தடிமனும் 3.2 மிமீ. செங்குத்தாகச் செருகினால் பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால் காற்றுக்கும் இடமில்லாத பொருத்தம் அது. மாதக்கணக்கில் அழுத்தத்தில் நின்று ஸ்டட் வெளிறும், பிளேட் விரிசல் விடும். லெகோவின் வடிவமைப்பாளர்கள் தங்கள் செட்டுகளில் இத்தகைய பொருத்தங்களைத் தவிர்க்கிறார்கள். பசையை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்.

பெரிய செட்டில் ஒரே அமைப்பு நான்கு முறை, எட்டு முறை வரும். தாஜ்மகாலின் நான்கு மினார்களையும் ஒன்று முடித்து ஒன்று எனக் கட்டாமல் நான்கையும் சேர்த்தே எழுப்புங்கள். முதல் படிக்கு நான்கு துண்டு, இரண்டாம் படிக்கு நான்கு துண்டு. ஒன்று மட்டும் குட்டையாக நின்றால் அந்தப் படியிலேயே தெரிந்துவிடும். எண்ணிட்ட பைகள் இல்லாத பழைய செட்டுகளுக்கு நீங்களே அதைச் செய்துகொள்ளலாம்: இருபது படிகளுக்கு வேண்டிய துண்டுகளை முன்கூட்டியே கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுக் கட்டுங்கள். தேடுவதும் கட்டுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டிலும் பிழை வரும்.

வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரு ஸ்டட் தள்ளி வைப்பது. படத்தில் பார்த்து மதிப்பிடாமல் விளிம்பிலிருந்து எண்ணுங்கள். அடுத்தது, முழுதாக அழுத்தாமல் விடுவது. ஒரு வரிசையில் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால் மேலே வரும் நீளமான பிளேட் இரு சுவர்களையும் இணைக்க மறுக்கும். ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் அங்கே அழுத்த வேண்டும். அழுத்தும்போது அடியில் இன்னொரு கை இருக்கட்டும், அடித்தளம் உள்வாங்கி உடைவது அந்தரத்தில் அழுத்துவதால்தான்.

ஸ்டிக்கரை விரலால் எடுக்காதீர்கள், எண்ணெய் பட்டு ஓரம் சுருளும். இடுக்கியால் பிடித்து, ஒட்டும் இடத்தில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு வைத்தால் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். பிறகு மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள்.

நிறுத்தியபின்

சன்னலுக்கு எதிர்ச்சுவர் நல்லது, சன்னலோரம் கூடாது. வெயில் நேரடியாகப் படாவிட்டாலும் திறந்த வெளிச்சத்தில் புற ஊதா உண்டு. கண்ணாடி அலமாரியோ அக்ரிலிக் பெட்டியோ தூசியைத் தடுக்கும். திறந்த தட்டில் வைப்பதென்றால் வாரத்துக்கு ஒருமுறை மென்மையான ஒப்பனைத் தூரிகையால் மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள். தூசியோடு ஈரமும் சேர்ந்து படிந்துவிட்டால் தூரிகைக்கு வராது, பிரித்துக் கழுவத்தான் வேண்டும். அரை மீட்டர் அகலமுள்ள செட்டைக் கையால் இரு ஓரமும் பிடித்துத் தூக்கினால் நடுவில் பிளக்கும். கட்டத் தொடங்கும்போதே அடியில் ஒரு பிளைவுட் பலகை இருந்தால் பிறகு பலகையோடு நகர்த்தலாம்.

மறுபடி பிரித்து வைக்கும் நாள் வந்தால், கட்டிய வரிசைக்கு நேர்மாறாகப் பிரித்து, பகுதி பகுதியாக ஜிப் பைகளில் போடுங்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் செட் எண், பகுதி, புத்தகத்தின் பக்க எண் எழுதிய சீட்டு ஒன்று. பைக்கு வெளியே ஒட்டிய சீட்டு இரண்டு வருடத்தில் உதிர்ந்துவிடும். ரப்பர் டயர்களைத் தனிப் பையில் போடுங்கள், மாதக்கணக்கில் பிரிக்கோடு ஒட்டிக் கிடந்தால் ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப்பொருள் பிரிக்கில் கறையாகப் பதிந்து மேற்பரப்பை இளக்கிவிடும். ரப்பர் பேண்டுக்கும் இதே விதி. வழிகாட்டிப் புத்தகத்தை அட்டைப் பெட்டியிலேயே விடாமல் பிளாஸ்டிக் கோப்பில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். ஈரம் ஏறிய அட்டையைத் தேடி வரும் புத்தகப் பூச்சி முதலில் தின்பது புத்தகத்தின் முதுகை.